உப்பில்லாத தட்டு

விண்ட்வார்ட், கரியாக்கூ
6 செப்டம்பர் 1964

அன்புத் தங்கை இஸ்மேக்கு,

அண்ணன் சிப்ரியன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? அந்த ஹடர்ஸ்ஃபீல்ட் குளிரில் கம்பளி ஆலைக்காரன் உனக்கு ஒரு நல்ல கம்பளியாவது கொடுத்தானா?

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கனவில் வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "உக்காரும்மா" என்றேன். "எங்கடா உக்கார்றது? எல்லாருக்கும் தலைமாட்டுல கல்லு இருக்கு. நான் மட்டும் வாடகைக்கு வந்தவ மாதிரி நின்னுக்கிட்டிருக்கேன்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அலுத்துப்போன குரல். அதே வாரம் எதிர்த் தீவில் நம் தம்பி ஆல்பன் கனவிலும் வந்திருக்கிறாள். அவனை இரண்டு திட்டுத் திட்டினாளாம். அவள் செல்லப்பிள்ளை அல்லவா, அவனுக்குத் திட்டு, எனக்குப் புகார்.

இரண்டு பிள்ளைகளிடம் கேட்டுவிட்டாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது. அவள் தலைமாட்டில் கல் நட்டு, கல் விருந்து வைத்தாக வேண்டும். மூன்று பிள்ளைகளின் கையும் கல்லின்மேல் படாவிட்டால் அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று உனக்கே தெரியும். நீ வர வேண்டும். கல்லைப் பற்றிக் கவலைப்படாதே, கொத்தனார் நான் வீட்டிலேயே இருக்கிறேன். சிமெண்டில் வார்த்து ஆணியால் பெயர் எழுதிவிடுவேன்.

அவள் போன அன்று முனையில் தீ மூட்டினேன். சுள்ளி எரிந்து முடிவதற்குள் ஆல்பனின் படகு பெத்தி மார்ட்டினிக்கிலிருந்து பாதிக் கடல் தாண்டியிருந்தது. உனக்கு இந்த மலையையே கொளுத்தினாலும் தெரிந்திருக்காது. அதற்காக உன்னை யாரும் குறை சொல்லவில்லை. இப்போதாவது வா.

ஆண்டவர் துணை இருக்கட்டும்.
சிப்ரியன்


ஹடர்ஸ்ஃபீல்ட்
11 அக்டோபர் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

இஸ்மே வணக்கத்துடன் எழுதுகிறேன். சளி சளியாகவே இருக்கிறது, அதை விடு. உன் முழங்காலுக்கு ஜாதிக்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துக்கொள். நீ தேய்க்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஆலைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், "ஊர்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று மேஸ்திரி கேட்டார். அம்மா கனவில் வந்து கல் கேட்கிறாள் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

வருகிறேன் அண்ணா. மார்ச் மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன். ஆனால் சிமெண்ட் கல் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. நீ வார்த்த கற்களை எனக்குத் தெரியும். காய்வதற்குள் அதன்மேல் பூனை நடந்துவிடும். தாமஸ் மாமா கல்லில் இன்றைக்கும் பூனைக்கால் தடம் இருக்கிறது. அடக்கத்தன்று நான் அங்கே இல்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அவளுக்கு நான் செய்வது இது ஒன்றுதான். வெள்ளைச் சலவைக்கல், செதுக்கின எழுத்து. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒருவர் நன்றாகச் செய்கிறாராம். அவருக்கு எழுதிவிட்டேன். ஆல்பன் தன் படகில் போய் எடுத்துவரட்டும். டிரினிடாட் அவனுக்கு அடுத்த வீடு மாதிரிதானே?

கல் அம்மாவின் கட்டிலில், வெள்ளைத் துணி போர்த்தி, நான் வருவதற்கு முன்பே படுத்திருக்க வேண்டும். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அங்கே இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
உன் தங்கை
இஸ்மே


பெத்தி மார்ட்டினிக்
22 நவம்பர் 1964

எங்க பெரிய கவர்னர் இஸ்மே அக்காவுக்கு,

தம்பி ஆல்பன் எழுதிக்கிறது. நான் சொகம், எம் பொண்டாட்டி செலஸ்டின் சொகம், படகு 'விடிவெள்ளி'யும் சொகம். அதுக்கு இப்பத்தான் அடிப்பக்கம் தார் பூசி முடிச்சேன். நீ சொகமா? எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும், பேசுற மாதிரியே எழுதிட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சிவப்பு மையில திருத்தி அனுப்பாத.

உன் உத்தரவு வந்து சேர்ந்துச்சு. சலவைக்கல்லாம்ல! அண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே. "பூனை நடந்தா என்னடா? பூனையும் ஆண்டவர் படைச்சதுதானே"ங்கிறான். ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல. நான் என்ன பண்ணேன்?

கனவுல அம்மா என்னத் திட்டுனத அண்ணன் எழுதிருப்பான். ஏன் திட்டுனான்னு எழுதிருக்க மாட்டான். போன வருஷம் அவளுக்கு வச்ச தட்டுல நான் உப்புப் போட்டுட்டேன். உப்பில்லாத களிய யாருக்கா தின்பா? செத்தாலும் வாய் வாய்தானேன்னு ஒரு சிட்டிகை போட்டேன். அதுக்கு வந்து, "எனக்கு எதுக்குடா உப்பு, நான் என்ன உசுரோட இருக்கேனா?"ன்னு கேட்டா. பயந்தே போயிட்டேன். இனிமே போட மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். ஆனா அக்கா, நான் போனப்புறம் எனக்கு வைக்கிற தட்டுல கொஞ்சம் கண்டும் காணாம உப்புப் போட்டுரு. உப்பில்லைன்னா சட்டியையே தூக்கி எறிவேன்னு உனக்குத் தெரியும்ல.

கல்ல எடுத்துட்டு வர்றேன். ஆனா கிறிஸ்துமஸ் காத்து இப்பவே தலையக் காட்டுது. காத்து அடங்கட்டும், பிப்ரவரி கடைசியில போன்னு அண்ணன் சொல்றான். வாழ்நாள்ல முதல் தடவையா அவன் சொல்றது சரின்னு படுது.

வரும்போது எனக்குக் கம்பளித் தொப்பி ஒண்ணு கொண்டா. இங்க வேர்த்துக் கொட்டும், ஆனாலும் போட்டுக்கிட்டுத் திரிவேன்.
ஆல்பன்


ஹடர்ஸ்ஃபீல்ட்
13 டிசம்பர் 1964

அருமைத் தம்பி ஆல்பனுக்கு,

அக்காவின் ஆசிகள். உனக்கும் செலஸ்டினுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள். சிவப்பு மை வாங்கக் கடைக்குப் போனேன், இந்த ஊரிலேயே உனக்குப் போதுமான அளவு இல்லையாம்.

கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மார்ச் மூன்றாம் வாரம் அங்கே இருப்பேன். பிப்ரவரி கடைசி என்றால் எப்படி? கல் கட்டிலில் சில வாரமாவது கிடக்க வேண்டாமா? வந்தவர் போனவர் பார்க்க வேண்டாமா? நேற்று இறங்கின சரக்கைப் போல அவளைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் இல்லை. புத்தாண்டு கழிந்ததும் கிளம்பு. காற்றாம் காற்று! மீசை முளைக்கும் முன்பே இந்தக் காற்றில் பாய் விரித்தவன் நீ. கல்யாணம் ஆனதும் பெண்டாட்டி பாவாடையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாயா? பயமாக இருந்தால் சொல், நான் வந்து சுக்கான் பிடிக்கிறேன்.

தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். நீல நிறம்.
உன் அக்கா
இஸ்மே


விண்ட்வார்ட்
29 ஜனவரி 1965

செலஸ்டினுக்கு,

படகுக்காரர் போர்டோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடு. கூடையில் துவரங்காயும் கொஞ்சம் கருவாடும் வைத்திருக்கிறேன்.

கடைசியாகத் தேடப் போன படகுகளும் நேற்றுத் திரும்பிவிட்டன. 'விடிவெள்ளி'யின் தளப்பலகை ஒன்றும் ஒரு துடுப்பும் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு அவன் புறப்பட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பாரத்தோடு அந்தக் காற்றில் அலை ஏறினால் படகு தலை தூக்குமா? நான் இதற்குமேல் எழுதவில்லை. நீ ஒவ்வொரு நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இஸ்மேக்கு நீ எழுதாதே. அவள் எழுதின கடிதத்தைக் கடையில் வைத்து ஆல்பன் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தானே, "எங்க அக்கா வந்து சுக்கான் பிடிக்கப் போறாளாம்" என்று. இரண்டு தீவிலும் அதைக் கேட்காதவர் இல்லை. நான் போர்டோவிடம் சொல்லிவிட்டேன், பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன், வாய் திறக்கக்கூடாது என்று. அவள் அங்கே ஒரு அறையில் தனியாக இருக்கிறாள். பக்கத்தில் கை பிடிக்க ஒருவர் இல்லாத இடத்தில் இந்தச் செய்தியும் அந்தக் கடிதமும் அவளுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தால் அவள் என்ன ஆவாள்? வந்தால் நேரில் சொல்கிறேன். முடிந்தால் வராமலே தடுத்துவிடுகிறேன்.

சாயங்காலம் ஆனால் என்னை அறியாமல் உங்கள் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் அங்கே தீ மூட்டப் போகிறார்கள் என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. சிரிப்பு என்று எழுதிவிட்டேன், மன்னித்துவிடு.

சிப்ரியன்


பெத்தி மார்ட்டினிக்
1 பிப்ரவரி 1965

பெரிய அத்தானுக்கு,

கருவாடு கிடைத்தது. நான் இருக்கிறேன்.

உங்கள் தங்கைக்கு எழுத வேண்டாம் என்கிறீர்கள். எழுத மாட்டேன். நல்லவள் என்பதால் அல்ல. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்காதவர், அவர் அக்கா எழுதின இரண்டு வரிக்குக் கிளம்பினார். "சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்காடி" என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே படகுப் பாயை எடுத்து வெளியே போட்டார்.

உங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகளின் கை வேண்டுமாம். எடுத்துக்கொண்டாளே ஒன்றை.

இப்படி எழுதினதற்குக் கோபிக்காதீர்கள். கூடையைத் திருப்பி அனுப்புகிறேன்.
செலஸ்டின்


ஹடர்ஸ்ஃபீல்ட்
7 பிப்ரவரி 1965

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இங்கே பனி முழங்கால் வரை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் சரியில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு யாரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. நீ எழுதாததில் ஆச்சரியம் இல்லை, ஆல்பன் எழுதாததுதான். அவன் எழுத்துப் பிழையோடாவது நாலு வரி கிறுக்காமல் இருக்க மாட்டானே. நான் எழுதின கேலியில் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதச் சொல், சந்தோஷமாகப் படிக்கிறேன்.

கல் வந்துவிட்டதா? எழுத்து எப்படி இருக்கிறது? 'யூஜினி' என்பதில் முதல் எழுத்தைப் பெரிதாகச் செதுக்கச் சொல்லியிருந்தேன். அம்மா கட்டிலில் எந்தத் துணி போர்த்தினாய்? பெட்டியில் அடியில் சரிகை வைத்த விரிப்பு இருக்கும், அதைப் போர்த்து. தினமும் கொஞ்சம் தண்ணீரும் சாராயமும் தெளிக்கிறாயா?

தொப்பி முடிந்துவிட்டது. அவன் தலை அளவு எனக்கு மறந்துவிட்டதோ என்று பயம், இரண்டு முறை பிரித்துப் பின்னினேன்.

சீக்கிரம் எழுது.
இஸ்மே


விண்ட்வார்ட்
19 பிப்ரவரி 1965

அன்புத் தங்கை இஸ்மேக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் எல்லோரும் நலம். இந்த வருஷம் துவரை நன்றாகக் காய்த்திருக்கிறது. கிழக்குச் சுவரில் விரிசல் விட்டிருந்ததைப் பூசிவிட்டேன். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று பிழைத்தது. தண்ணீர்த் தொட்டியில் பாதிதான் இருக்கிறது, மழை வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மாதா கோவில் மணிக்குக் கயிறு மாற்றியிருக்கிறார்கள்.

கல் இன்னும் வந்து சேரவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தாமதம். ஆல்பனும் அந்தப் பக்கமே தங்கும்படி ஆகிவிட்டது, படகில் ஏதோ பழுது. அவன் திரும்ப நாளாகும். அதனால்தான் எழுதவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கல் இல்லாமல் நீ இவ்வளவு தூரம் வந்து என்ன செய்வாய்? அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாமே. கப்பல்காரர்களிடம் சொன்னால் சீட்டை மாற்றித் தருவார்கள். அம்மா பொறுத்துக்கொள்வாள். உன் நெஞ்சுக்கும் இந்தப் பயணம் நல்லதல்ல.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். நீ சொன்ன மாதிரியே, தினமும்.
சிப்ரியன்


ஹடர்ஸ்ஃபீல்ட்
3 மார்ச் 1965

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருந்தாய், சந்தோஷம்.

சீட்டை மாற்றவில்லை. நாளை கிளம்புகிறேன். ஹில்ஸ்பரோ துறைக்கு நீ என்னைப் பார்க்க வர வேண்டாம். நானே வந்து சேருவேன்.

இஸ்மே


பெத்தி மார்ட்டினிக், ஆல்பன் வீடு
24 மார்ச் 1965

என் அண்ணனுக்கு,

இதைப் போர்டோ நாளை காலையில் உனக்குக் கொண்டுவருவார். தலைப்பில் இருக்கிற இடத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். கிரெனடாவில் இறங்கி நேராக இங்கே வரும் படகைப் பிடித்தேன். உன் வீட்டுக்கு முதலில் வந்தால் நீ ஆட்டுக்குட்டியைக் காட்டுவாய், சுவரைக் காட்டுவாய், என்னால் அதைத் தாங்க முடியாது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொன்ன சொல்லை இரண்டு தீவும் காப்பாற்றியிருக்கின்றன. துறையில் ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். "என்ன இஸ்மே, வெள்ளைக்காரி ஆகிட்டியா?" என்று ஒருவராவது கேட்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு கிழவர் மட்டும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எந்த வீடு என்று நான் சொல்லவே இல்லை.

எனக்கு உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். அவன் கனவில் வந்தான். நம் சமையலறையில் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் ஈரம். நான் களி வைத்துக் கொடுத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று பாதியில் நினைவு வந்தது. இப்போது சட்டி பறக்கும் என்று காத்திருந்தேன். பறக்கவில்லை அண்ணா. உப்பில்லாத களியை, தலை நிமிராமல், கடைசி வாய் வரை தின்றான். தட்டை என்னிடம் நீட்டினான், இன்னும் வேண்டும் என்று. எழுந்து உட்கார்ந்து அழுதேன். உயிரோடு இருக்கிற ஆல்பன் அதைத் தின்பானா? அதற்கு அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது, படகில் பழுது என்று. பாவம் நீ, உனக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. துவரை, சுவர், மணிக் கயிறு! இவ்வளவு விஷயம் நீ உன் வாழ்நாளில் எனக்கு எழுதினதில்லை.

ஏன் மறைத்தாய் என்பதும் புரிந்தது. அதைச் செலஸ்டின்தான் சொன்னாள், நேற்று. கதவைத் திறந்து கறுப்பு உடையில் நின்றாள். நான் அவனுக்குப் பின்னின தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தொப்பியைப் பார்த்தாள். "நீங்க எழுதுனதுக்குத்தான் போனாரு அண்ணி" என்றாள். கத்தவில்லை. "தெரியும்மா" என்றேன். "தெரியும்னு எவ்வளவு லேசா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு என்னை அடித்தாள். தோளில், கையில், இரண்டு மூன்று முறை. அடித்து முடித்ததும் அந்தத் தொப்பியைப் பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளும் நானும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரி சூப் வைத்துவிட்டுப் போனாள்.

நீ அந்தக் கல்லை என் நெஞ்சில் வைக்கக்கூடாது என்று பார்த்தாய். அது அங்கேதான் இருக்கிறது. வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு நான்தான் அதை அவன் படகில் ஏற்றினேன். அம்மாவுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று ஏற்றினேன். இதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது, நீயும் முயலாதே. நான் உயிரோடு இருக்கிறவரை சுமப்பேன். ஆனால் என்னைத் தனியாக விட்டுவிடாதே.

இப்போது நான் கேட்பதைச் செய். உத்தரவு என்றே வைத்துக்கொள். அவன் இருந்தால் கவர்னர் என்பான். சிமெண்ட் கலந்து அம்மாவுக்கு ஒரு கல் வார். அதன் பக்கத்தில் அவனுக்கும் ஒன்று. குழி இல்லாதவனுக்குக் கல் வைக்கும் வழக்கம் இல்லை என்பாய். இருக்கட்டும், எனக்கு வழக்கம் தெரியும். அவன் தலை வைக்க ஒரு இடம் வேண்டும். ஆணியால் நீயே எழுது. பூனை நடந்தால் விரட்டாதே. இரண்டு கல்லையும் அம்மாவின் கட்டிலில் ஒன்றாகப் படுக்க வை. அவன் சிறியவனாக இருந்தபோது அவள் பக்கத்தில்தானே படுப்பான்.

இரண்டு தட்டு வைப்போம், இரண்டும் உப்பில்லாமல். அவன் எனக்கு எழுதியிருந்தான், அவன் தட்டில் கண்டும் காணாமல் கொஞ்சம் போடச் சொல்லி. போட மாட்டேன். அவனுக்குக் கடலே போதும் போதும் என்கிற அளவுக்கு ஊட்டிவிட்டது.

மூன்றாவது கைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். செலஸ்டினைக் கேட்டேன். வருகிறேன் என்றாள்.

எங்களை அழைத்துப்போக நீ வர வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது. இன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, நானும் அவளும் முனைக்குப் போகிறோம். அவன் சேர்த்து வைத்த சுள்ளி இன்னும் அங்கே அப்படியே கிடக்கிறதாம், எண்ணெய்த் துணி போர்த்தி. நீ வாசலில் உட்கார்ந்து இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். தீயைப் பார்த்ததும் உனக்கு ஒரு கணம் அவன்தான் என்று தோன்றும். எனக்குத் தெரியும், அதற்கு என்னை மன்னித்துவிடு. அவன் இல்லை அண்ணா, நான்தான். படகை எடுத்துக்கொண்டு வா.

உன் தங்கை
இஸ்மே